இலை கொட்டிய கறிவேப்பிலை செத்துவிட்டதா?

தோட்டக்கலை ஆலோசகரின் பதில்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் கனடா வந்து சில வருடங்கள்தான் ஆகிறது. மாடி வீடு, வாடகை, கிழக்குப் பார்த்த பல்கனி. ஓகஸ்ட் கடைசியில் ஒரு தமிழ்க் கடையில் அறுபது டாலர் கொடுத்து முழங்கால் உயரக் கறிவேப்பிலைச் செடி ஒன்றை வாங்கினார். பல்கனியில் நின்ற வரைக்கும் பளபளவென்று இருந்தது. ஒக்டோபர் நடுவில் உள்ளே எடுத்து, குளிரக் கூடாதே என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அதே வாரம், வேர் நன்றாக ஓடட்டும் என்று ஒரு பெரிய பீங்கான் சாடிக்கு மாற்றினார். அதன் அடியில் துளை இல்லாததால் முதலில் கல் பரப்பி, மேலே மண் நிரப்பினார். வவுனியாவில் இருக்கும் அம்மா தொலைபேசியில் சொன்னபடி தினமும் காலையில் தண்ணீர், வாரத்துக்கு ஒருமுறை புளித்த மோர். நவம்பரில் அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. மிஞ்சிய இலைகளில் பிசுபிசுப்பு வந்தது. சிநேகிதி ஒருவர் கொடுத்த பூச்சிமருந்தை இரண்டு தடவை அடித்தார். அந்தப் போத்தலில் லேபிள் கிழிந்திருந்ததாம். இப்போது ஜனவரி. சாடியில் நாலு மெல்லிய தண்டுகள், உச்சியில் ஆறேழு நெட்டு, அவ்வளவுதான்.

கணவர் எறியச் சொல்கிறார். செடி செத்துவிட்டதா, மருந்து அடித்த இலையைச் சமைக்கலாமா, பெப்ரவரியில் ஊரில் இருந்து வரும் தம்பியிடம் புதுக் கன்றும் கொஞ்சம் ஊர் மண்ணும் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்கிறார். கடைசியில், "எனக்குக் கைராசி இல்லையோ தெரியாது" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. தினமும் தண்ணீர், இடைக்கிடை மோர், வேர் ஓட நிறைய மண் எல்லாமே வவுனியாவில் ஒரு கறிவேப்பிலைக்குச் செய்யவேண்டிய வேலைகள்தான். அங்கே அவை பலிப்பதற்குக் காரணம் வெயில். ஜனவரி மாதத்து ரொறன்ரோ வீட்டில் செடிக்குக் கிடைக்காததும் அதுதான்.

இங்கே வந்தவர்கள் எல்லோரும் குளிரைத்தான் செடியின் எதிரியாக நினைக்கிறோம். வீட்டுக்குள் வந்துவிட்ட செடிக்குக் குளிரைவிட இருட்டுத்தான் பெரிய கஷ்டம். வவுனியாவில் வருடத்தின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி 30 நிமிடத்துக்குக் குறையாது. ரொறன்ரோவில் டிசம்பர் 21 அளவில் பகல் 9 மணி நேரம்கூட முழுதாக இல்லை. அதுவும் தாழ்வாகச் சாய்ந்து வரும் வெயில், பாதி நாள் மேகம். யன்னலில் இருந்து ஆறேழு அடி தள்ளி வைத்தால் அதிலும் ஒரு சிறு பங்குதான் இலைக்கு வந்து சேரும். எங்கள் கண் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்கு அது நாள் முழுக்க அந்திப்பொழுது.

வெளிச்சம் குறைந்தால் இலைக்கு வேலை குறையும், வேர் குடிப்பதும் குறையும். உங்கள் வீட்டிலோ தண்ணீரும் மோரும் கோடைகால அளவிலேயே வந்துகொண்டிருந்தன. குடித்து முடியாத தண்ணீர் மண்ணில் தேங்கினால், வேர் மூச்சுவிடும் சின்னச் சின்னக் காற்று இடைவெளிகளை அடைத்துவிடும். அடி இலைகள்தான் முதலில், நரம்பும் சேர்ந்து ஒரே மஞ்சளாகி விழுந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் இந்த அடையாளத்தைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது வேரைத்தான். இரும்புச்சத்துக் குறைவு என்றால் படம் வேறு மாதிரி இருக்கும். உச்சியில் வரும் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும்.

இன்னொன்றும் சேர்ந்து நடந்திருக்கிறது. இரவு வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் கறிவேப்பிலை வளர்ச்சியை மெல்ல நிறுத்தும். 10 டிகிரியை நெருங்கினால் இலையைக் கைவிடத் தயாராகும். ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோ இரவுகள் 10க்குக் கீழே போவது வழக்கம், அதனால் நீங்கள் உள்ளே எடுத்தபோதே அது உறங்கப் போகும் நிலைக்கு வந்திருக்கும். குளிர்காலம் உள்ள வட இந்தியப் பகுதிகளில் நிலத்தில் நிற்கும் கறிவேப்பிலையும் இலை உதிர்த்துவிட்டு வசந்தத்தில் துளிர்க்கிறது. எங்கள் பக்கத்தில் வருடம் முழுக்கப் பச்சையாக நின்று பழகிய செடி என்பதால், இலை கொட்டினால் செத்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இலை இல்லாத கறிவேப்பிலைக்கும் உயிர் இருக்கலாம். அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

உயிர் இருக்கிறதா?

நாலு தண்டில் ஒன்றை எடுத்து, உச்சியில் இருந்து இரண்டு விரல் கீழே, நகத்தால் மேல்தோலை மெல்லச் சுரண்டுங்கள். கடுகளவு போதும். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடத்துக்கு உயிர் இருக்கிறது. மண்நிறமாகக் காய்ந்து இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். உச்சி காய்ந்து அடி பச்சையாக இருப்பது நிறையச் செடிகளில் நடக்கும். நாலு தண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் அவை நாலு வேறு கன்றுகளாக இருக்கக்கூடும். சாடி நிறைவாகத் தெரியவேண்டும் என்று பல கன்றுகளை ஒன்றாக நட்டு விற்பது வழக்கம். ஒன்று போயிருந்தாலும் மற்றது பிழைக்கலாம். தண்டு முழுக்கக் காய்ந்த பிறகும் வேரடியில் இருந்து புதுக் குருத்து விடும் குணம் இந்தச் செடிக்கு உண்டு, அதனால் கணவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வேர். குளிர்காலத்தில் சாடி மாற்றாதீர்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். உங்கள் செடிக்கு மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் துளை இல்லாத சாடியில் மே மாதம் வரை அது தாங்காது. பழைய பத்திரிகையைத் தரையில் விரித்து, சாடியைச் சரித்து, மண்கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். மணந்து பாருங்கள். நல்ல மண் மழை பெய்த நிலம் போல மணக்கும். அழுகல் இருந்தால் சாக்கடை வாடை அடிக்கும், உங்கள் விஷயத்தில் மோரின் புளிப்பும் சேர்ந்திருக்கும். பிறகு ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் இறுக்கமாக இருப்பது உயிருள்ள வேர். கறுப்பாகி, தோல் உறை மாதிரிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். அப்படிப்பட்டவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பாதி வேராவது நல்லதாக இருந்தால் காப்பாற்ற முயலலாம். எல்லாமே கறுப்பு, தண்டிலும் பச்சை இல்லை என்றால் நிம்மதியாக எறிந்துவிடலாம்.

சாடியும் தண்ணீரும்

அடியில் கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது ஊரிலும் இங்கேயும் எல்லோரும் நம்பும் விஷயம். உண்மையில் மண்ணும் கல்லும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். கல் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அந்த ஈரப்படலம் வேருக்குக் கிட்டே வந்துவிடும். துளை இல்லாத சாடிக்குக் கல் பரிகாரம் ஆகாது. பீங்கான் சாடி அழகாக இருந்தால் வெளிச்சாடியாக வைத்துக்கொள்ளுங்கள், செடி உள்ளே துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் சாடியில் நிற்கட்டும். சுட்ட மண் சாடி கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் போகும்.

புதுச் சாடி மிஞ்சிய வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். பெரிய சாடி என்றால் நிறைய மண், நிறைய மண் என்றால் நிறைய ஈரம். வேர் எட்டாத இடத்து ஈரம் வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். மண்ணுக்கு, கடையில் விற்கும் பொட்டிங் மிக்ஸ் மூன்று பங்கு, பேர்லைட் (மண்ணைத் தளர்த்தும் இலேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. வெளித் தோட்டத்து மண் வேண்டாம், சாடிக்குள் அது இறுகிவிடும். நாலு கன்றையும் இப்போது பிரிக்காதீர்கள். வேர் பின்னிக் கிடக்கும், இருக்கிற பலமும் போய்விடும்.

இனித் தண்ணீர். நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், நாளை பார்க்கலாம். காய்ந்திருந்தால் துளை வழியாக வடியும் வரை ஊற்றி, அரை மணி நேரத்தில் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் விட்டதும் ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை சாடியைத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பாரம் கைக்குப் பழகிவிட்டால் விரல்கூடத் தேவைப்படாது. இலை குறைந்த செடிக்கு ஜனவரியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதுமாக இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

குழாய்த் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று அப்படியே செய்து வருகிறீர்கள். ரொறன்ரோ நீரில் நிலைத்து நிற்பதற்காகக் குளோரமைன் சேர்க்கிறார்கள், அது இரவோடு இரவாகப் பறக்காது. அந்த அளவு உங்கள் செடியைக் கெடுக்கவும் மாட்டாது. ஆனால் திறந்து வைத்த தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்துவிடும் அல்லவா, அது நல்லது. பனிக்காலக் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், அதை நேரே வேரில் ஊற்றக் கூடாது.

மோரைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். அம்மா சொன்னது அனுபவத்தில் கண்ட உண்மைதான். நிலத்தில், வெயிலில், மண்புழுவும் நுண்ணுயிரும் நிறைந்த மண்ணில் மோர் உடைந்து செடிக்கு உதவும். வீட்டுக்குள் மூடுண்ட ஈரச் சாடியில் அது புளித்துக்கொண்டே கிடக்கும். மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் வரும், சின்னக் கறுப்பு ஈக்கள் முட்டையிடும். மே மாதத்துக்குப் பிறகு, செடி பல்கனிக்குப் போய் நன்றாகத் துளிர்க்கும்போது, தண்ணீராக ஐதாக்கிய மோரை மாதம் ஒருமுறை ஊற்றுங்கள், அம்மாவுக்கும் சொல்லுங்கள். அதுவரை மோர், பசளை, அரிசி கழுவிய தண்ணீர், முட்டைக்கோது எதுவும் வேண்டாம். உறங்கும் செடிக்குப் பசளை போட்டால் உப்பாக மண்ணில் சேரும், இலை நுனி கருகும்.

குளிர்காலத்தைக் கழிக்க இரண்டு வழிகள்

இங்கேதான் நீங்கள் ஒரு முடிவு எடுக்கவேண்டும். ஒரு வழி, செடியை உறங்க விடுவது. 12 முதல் 16 டிகிரிக்குள் இருக்கும், கொஞ்சம் வெளிச்சமான ஓர் அறையில் வைத்து, மண் முற்றாகக் காய்ந்து போகாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவது. இலை எல்லாம் கொட்டும், கொட்டட்டும். மார்ச் மாதம் வரை அதைத் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை. தனி வீட்டில், சூடு குறைந்த பின்னறையோ யன்னல் உள்ள பேஸ்மன்டோ இருப்பவர்களுக்கு இது செலவில்லாத வழி.

மற்றது, விழித்திருக்க வைப்பது. சூட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். செடி வளர்க்கும் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை உச்சி இலைக்கு ஓர் அடி உயரத்தில் மாட்டி, டைமர் போட்டு, தினமும் 12 மணி நேரம் எரிய விடவேண்டும். இருட்டும் ஒரு தொடர்ச்சியாகக் கிடைக்கவேண்டும், அதனால் இரவிரவாக எரிய விடக் கூடாது. 20, 30 வொட் விளக்கு என்றால் மின் கட்டணம் ஒரு பொருட்டாக இராது.

இரண்டும் நல்ல வழிதான். கெடுதல் எது என்றால், இரண்டையும் கலந்து சூடும் இருட்டுமாக வைப்பது. சூடு "வளர்" என்கிறது, வெளிச்சம் இல்லாததால் வளர முடியவில்லை. செடி சேமிப்பைத் தின்று, நூல் போல வெளிறிய குருத்து விட்டு, பூச்சிக்கு இரையாகும். உங்கள் வரவேற்பறையில் நடந்தது இதுதான்.

உங்களுக்கு நான் இரண்டாவது வழியைச் சொல்வேன். ரொறன்ரோ வாடகை வீடுகளைக் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரியில் வைத்திருக்கவேண்டும் என்பது மாநகரச் சட்டம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது உங்கள் உரிமை, செடிக்காக விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அந்தச் சூட்டில் செடி ஆழமாக உறங்காது, எனவே விளக்கு வாங்குவதுதான் பொருத்தம். ஹீட்டரில் இருந்து குறைந்தது நாலைந்து அடி தள்ளி, உங்கள் கிழக்கு யன்னலோரமாக வையுங்கள். இலை கண்ணாடியில் முட்டக் கூடாது, பனி இரவில் கண்ணாடியைத் தொடும் இலை கறுத்துவிடும்.

வறண்ட காற்றுக்கு, ஸ்பிரே போத்தலால் தண்ணீர் தெளிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சில நிமிடத்தில் காய்ந்துவிடும், பெரிய பலன் இல்லை. ஹியூமிடிபையர் இருந்தால் பக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் வேறு செடிகள் வரும்போது கூட்டமாக வைக்கலாம். இதற்காக மேலதிகமாகக் காசு செலவழிக்கச் சொல்லமாட்டேன். விளக்குக்குச் செலவழியுங்கள்.

பிசுபிசுப்பும் அந்தப் போத்தலும்

பிசுபிசுப்பு என்றால் சாறு குடிக்கும் பூச்சி ஒன்று இருக்கிறது. தண்டிலும் இலை நடுநரம்பின் அடியிலும் பாருங்கள். எள் மாதிரிப் பழுப்பு நிறப் புடைப்புகள் ஒட்டிக்கொண்டிருந்து, நகத்தால் கிண்டினால் கழன்று வந்தால் அது செதிள்பூச்சி. பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. மெல்லிய வலையும் இலையில் ஊசிப்புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன், ஹீட்டர் பக்கத்தில் இருக்கும் செடிக்கு அதுவும் சேர்ந்து வரும். வெறும் ஆறேழு நெட்டு உள்ள செடியில் கையாலேயே வெல்லலாம். குளியல் தொட்டியில் வைத்து, மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, வெதுவெதுப்பான ஷவரில் இலையின் அடிப்பக்கம் நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் செதிள்களைத் தேய்க்கும் அல்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பிறகு செடிகளுக்கென்று விற்கும் சவர்க்காரக் கரைசலை, லேபிளில் சொன்ன அளவில், வாரம் ஒருமுறையாக மூன்று நாலு வாரம் அடியுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டையில் இருந்து வரும் அடுத்த கூட்டம் தப்பிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதிலுள்ள சேர்மானங்கள் இலையைச் சுடும்.

லேபிள் இல்லாத போத்தலைப் பற்றி நான் கண்டிப்பாகத்தான் சொல்லவேண்டும். அந்த மருந்து என்னவென்று தெரியாத வரை இப்போது செடியில் இருக்கும் இலை ஒன்றையும் சமைக்காதீர்கள். கழுவினால் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். மேலே படியும் மருந்து ஓரளவு போகலாம், ஆனால் செடிக்குள் ஊறி இலை முழுக்கப் பரவும் வகை மருந்துகளும் உண்டு, அவற்றைக் கழுவ முடியாது. அலங்காரச் செடிக்கென்று விற்கும் மருந்துகளில் இவை சாதாரணம். சிநேகிதியிடம் பெயரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் இந்த இலைகளை விட்டுவிடுங்கள். சாடி மண்ணை மாற்றப்போகிறீர்கள், அதுவும் உதவும். வசந்தத்தில் செடி துளிர்த்து, வெட்டிவிட்டு, மறுபடி துளிர்த்த பிறகு அடுத்த கோடையில் சமையலுக்குப் பறிப்பதே பாதுகாப்பு. நவம்பரில் ஏற்கனவே ஓரிரு நெட்டு தாளித்ததை நினைத்து இரவெல்லாம் பயப்படவேண்டாம். உடம்புக்கு ஏதாவது செய்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், போத்தலையும் கொண்டுபோங்கள். இனிமேல் எந்த மருந்து வாங்கினாலும், வேப்பெண்ணெய் உட்பட, லேபிளில் கனடிய அரசின் பூச்சிமருந்துப் பதிவு எண் (PCP) இருக்கிறதா, உண்ணும் செடிக்கு அடிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மிஞ்சிய போத்தலைத் தொட்டியில் கொட்டாமல் மாநகரத்தின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.

தம்பி கொண்டுவரும் கன்றும் மண்ணும்

கொண்டுவரச் சொல்லாதீர்கள். மண்ணை இலங்கையில் இருந்து கனடாவுக்குக் கொண்டுவருவதே தடை, ஒரு பிடியானாலும். வேரோடு கன்று கொண்டுவர, கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழும் முன்கூட்டியே வேண்டும். இரண்டும் இல்லாமல் பையில் சுருட்டிக் கொண்டுவந்து, விமான நிலையத்தில் சொல்லாமல் போனால் கன்றைப் பறிமுதல் செய்வார்கள், 1,300 டாலர் வரை அபராதமும் போடலாம். தம்பியின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

சின்னக் கன்றுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். கறிவேப்பிலை எலுமிச்சை, தோடைக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தின் சாற்றை உறிஞ்சும் ஆசியச் சிறு பூச்சி ஒன்று கறிவேப்பிலையிலும் விருப்பமாக வாழும். 1998இல் அது புளோரிடாவில் காணப்பட்டது. அது பரப்பும் பச்சை நோய் 2005இல் அங்கே கண்டறியப்பட்டது. அதன் பிறகு அந்த மாநிலத்துத் தோடைத் தோட்டங்கள் பட்ட அழிவு மிகப் பெரியது. அமெரிக்காவுக்குள்ளேயே கறிவேப்பிலைச் செடியை ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பக் கட்டுப்பாடு இருப்பது இதனால்தான். இணையத்தில் எல்லை தாண்டி விற்பவர்களிடம் வாங்குவதற்கும் இதே எச்சரிக்கை.

விதையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கறிவேப்பிலை விதை, பழம் கனிந்ததும் சதை நீக்கி உடனே போட்டால்தான் நன்றாக முளைக்கும், காய்ந்தால் முளைப்புத் திறன் வெகு கெதியாகப் போய்விடும். பொட்டலத்தில் வந்த காய்ந்த விதைக்காகக் காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறைய. இங்கே காய்த்த செடி வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வேரடியில் தனியாக முளைத்த கன்றை வேரோடு பிரித்துத் தந்தால் அதைவிட நல்லது.

இந்தச் செடி தப்பாவிட்டால் இன்னொன்று வாங்குங்கள், ஆனால் மே கடைசியில் வாங்குங்கள். ஓகஸ்டில் வாங்கும் செடிக்குப் புது வீட்டில் காலூன்ற முன்னரே இருட்டுக் காலம் வந்துவிடுகிறது. மே மாதத்துச் செடிக்கு முழுக் கோடை கிடைக்கும். வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உயரமான ஒற்றைத் தண்டைவிடக் குட்டையாகக் கிளைத்த செடி மேல்.

மார்ச்சுக்குப் பிறகு

மார்ச் 20 அளவில் இங்கே பகலும் இரவும் சமமாகும். அதையொட்டிக் கணுக்களில் மிளகளவு பச்சைப் புடைப்பு தெரியத் தொடங்கலாம். கண்டதும் தண்ணீரை மெல்லக் கூட்டுங்கள். இரண்டு மூன்று இலை விரிந்த பிறகு பசளை தொடங்குங்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிய திரவப் பசளையை லேபிளில் சொன்னதில் பாதி அளவாகக் கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓகஸ்ட் கடைசி வரை. நாலு கன்றையும் பிரிக்க விரும்பினால் அதற்கும் இதுதான் நேரம்.

அப்போது ஒரு வேலையைத் தைரியமாகச் செய்யவேண்டும். உச்சியை வெட்டுங்கள். நெட்டி வளர்ந்து முகட்டைத் தொடும் ஒற்றைத் தடியும், உச்சியில் மட்டும் நாலு நெட்டுமாக இங்கே எத்தனையோ வீடுகளில் கறிவேப்பிலை நிற்கிறது. அடி இலையைப் பறித்துப் பறித்து, உச்சியைத் தொடப் பயந்ததால் வந்த வினை அது. தண்டில் ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் கீழேயுள்ள கணுக்களில் இருந்து இரண்டு மூன்று கிளை வரும். பிறகு சமையலுக்கு எடுக்கும்போதும் கிளையின் நுனியோடு கிள்ளுங்கள், அதுவே கவாத்து ஆகிவிடும். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பூமொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள், பலம் இலைக்குப் போகட்டும்.

வெளியே எடுக்க அவசரப்படவேண்டாம். மே மாதத்தில் விக்டோரியா தின நீள்வார விடுமுறையில்தான் இங்கே பலரும் செடி நடத் தொடங்குவார்கள். கறிவேப்பிலைக்கு நீங்கள் நாட்காட்டியைவிட இரவு வெப்பநிலையைப் பாருங்கள். 12 டிகிரிக்குக் கீழே போகாது என்று ஒரு வாரம் தொடர்ந்து தெரிந்த பிறகு, முதல் சில நாள் நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு காலை வெயில், அதன் பிறகு முழு நாள். குளிர்காலம் முழுக்கக் கண்ணாடிக்குள் இருந்த இலையை நேரே வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெளுத்துச் சுருண்டுவிடும். உங்கள் கிழக்குப் பல்கனியின் காலை வெயில் அதற்குப் போதும். உயரமான மாடியில் காற்றுப் பலமாக அடிக்கும், சாடியைச் சுவரோடு ஒட்டிக் கட்டி வையுங்கள்.

திரும்ப உள்ளே எடுப்பதைச் செப்டம்பர் நடுவிலேயே செய்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் இலையடியில் பூச்சி பார்த்துக் கழுவி, அன்றைக்கே விளக்கின் கீழ் வைத்தால், இந்த வருடம் பார்த்த இலையுதிர்வில் பாதியாவது குறையும். அதுவரை சமையலுக்குக் கடையில் இலை வாங்குங்கள். கழுவி, ஈரம் முற்றாக உலர்ந்ததும் இறுக்கமான பையில் போட்டு உறையவைத்தால் மாதக்கணக்கில் தாளிக்க உதவும்.

இன்றைக்குச் செய்யவேண்டியது இரண்டுதான். தண்டைச் சுரண்டிப் பார்ப்பது, துளை இல்லாத சாடியில் இருந்து செடியை வெளியே எடுப்பது. வேர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எவ்வளவு நறுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். மே மாதக் கடைசி வரை தண்டிலும் வேரடியிலும் ஒரு துளிரும் வரவில்லை என்றால், கணவர் சொன்னபடி எறிந்துவிடுங்கள். சாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி எடுத்து வையுங்கள், புதுச் செடிக்கு உதவும்.